கல்லுக்கு ஜிலேபிப் பாகு ஊற்றிய மிஸ்

ஒரு கிலோ மாம்பழம் வாங்கப் போனால், மிஸ் முதலில் ஒரே ஒரு பழம் வாங்குவார். அதைக் கடை வாசலிலேயே நின்று, கைப்பையில் வைத்திருக்கும் சின்னக் கத்தியால் வெட்டி, சாறு முழங்கைக்கு வழியச் சாப்பிட்டு முடிப்பார். லேஞ்சியால் வாயைத் துடைத்த பிறகுதான், "சரி, இப்ப ஒரு கிலோ போடுங்கோ" என்பார். கொட்டாஞ்சேனைச் சந்தையில் பழம் விற்ற சிங்கள அம்மாவுக்கு இது பொறுக்காது.

"ஒக்கோம எக்காய் மிஸ்!" என்று கத்துவார். எல்லாப் பழமும் ஒன்றுதானே என்று அர்த்தம்.

"எஹெனங் எக்கக் தென்ன," என்பார் மிஸ், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அப்படியென்றால் ஒன்று தாருங்கள்.

பிள்ளைகளே, இந்த மிஸ்ஸைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதப் போகிறேன். அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதவில்லை. எழுதினால், "என்னைக் கேக்காம ஏன் எழுதினனீர்?" என்று கேட்கக்கூடியவர். முன்பு ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞானகூடத்தில் போத்தல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவராம். அதனால் எங்கள் வேலைத்தலத்தில் முதலாளியில் இருந்து கேற்றில் நிற்பவர் வரை எல்லாருக்கும் அவர் மிஸ்தான்.

எங்கள் வேலைத்தலம் மட்டக்குளியில், ஆறு கடலில் விழுகிற பக்கம் இருந்தது. மேலே தகரம். உள்ளே தொட்டி போல நான்கு தாங்கிகள், ஒரு பெரிய அடுப்பு, வரிசையாகத் தட்டையான பாத்திரங்கள். மொத்தம் ஆறு பேர் வேலை செய்தோம். நான் தாங்கி கிண்டுகிறவன். அடுப்புக்கும் கொதிநீருக்கும் பொறுப்பு நசார் நானா. எதை, எவ்வளவு, எப்போது போடவேண்டும் என்று சொல்பவர் மிஸ்.

அங்கே என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். கறுப்புக் கல்லைக் கரைத்தோம்.

கப்பலில் மாவாக அரைத்துச் சாக்குச் சாக்காக வரும் அந்தக் கல்லுக்குள் மங்கனீசு என்ற உலோகம் இருக்கிறது. நமக்குச் சாப்பாட்டில் உப்பு வேண்டியது போல தேயிலைக்கும் மரக்கறிக்கும் மங்கனீசு கொஞ்சம் வேண்டும். அது கிடைக்காத செடியில் இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், இடையில் எல்லாம் மஞ்சளாகிவிடும். ஆனால் கல்லை அரைத்து அப்படியே போட்டால் செடியால் அதை எடுக்க முடியாது. தண்ணீரில் கரைகிற உப்பாக மாற்றிக் கொடுக்கவேண்டும். கொதிநீரில் தேயிலையைப் போட்டால் சாயம் இறங்கி, சக்கை மிஞ்சுகிறதல்லவா? நாங்களும் அப்படித்தான் செய்தோம். கொதிநீருக்குப் பதிலாகச் சூடான அமிலம். தேயிலைக்குப் பதிலாகக் கல். சாயத்துக்குப் பதிலாக மங்கனீசு. மிஞ்சும் சக்கை, வெறும் மணல்.

ஆனால் ஒரு சிக்கல். அந்தக் கல் பிடிவாதம் பிடித்தது. வெறும் அமிலத்தில் நாள் முழுக்கக் கிடந்தாலும் கறுப்பாகவே கிடக்கும். அதற்குள் மங்கனீசும் ஒட்சிசனும் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த ஒட்சிசனை வாங்கிக்கொள்ள வேறொருவர் வரவேண்டும். அந்த வேறொருவர் யார் தெரியுமா? சீனி. சீனி கொஞ்சம் போட்டுச் சூடாக்கினால், அது ஒட்சிசனை வாங்கி, குமிழி குமிழியாக வாயுவாகிப் பறந்துவிடும். கை நழுவிய மங்கனீசு அமிலத்தில் இறங்கிவிடும். கறுப்பு மெல்ல மறையும். அதில் இருக்கும் இரும்பைச் சுண்ணாம்பு போட்டு அடியில் படிய வைத்து, துணியில் வடித்து, பாத்திரத்தில் வற்றவிட்டால், கடைசியில் ரோஜாப்பூவைத் தண்ணீரில் கழுவியது போல ஒரு மெல்லிய இளஞ்சிவப்பு உப்பு விளையும். முதல் தடவை பார்த்தபோது, அந்தக் கறுப்பில் இருந்தா இது வந்தது என்று நான் சாக்கைத் திரும்பிப் பார்த்தேன்.

நல்ல சீனி போட்டால் கட்டுப்படியாகாது. சீனி ஆலையில் கடைசியாக மிஞ்சும் கழிவுப் பாகைப் பீப்பாயில் எடுப்போம். கறுப்புப் பாணி என்று சொல்வோம்.

இதில் எதையும் நீங்கள் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. அமிலம் சதையைத் தின்னும். மிஸ் எங்களைக் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தாங்கிப் பக்கம் போகவே விடமாட்டார்.

புதுச் சாக்கு வந்து இறங்கினால் போதும், மிஸ் ஒரு பிடி கல்மாவை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போய்விடுவார். அங்கே ஒரு கண்ணாடிக் கிளாஸ். அதில் கொஞ்சம் தண்ணீர், பிறகு கொஞ்சம் அமிலம், கொஞ்சம் பாணி. கீழே சின்ன அடுப்பு. அந்தக் கிளாஸில் கல் வெளுக்கும்வரை தாங்கியில் ஒரு கைப்பிடியும் விழக்கூடாது. முதலாளிக்கு இது பெரிய தலையிடி. புறக்கோட்டையில் பரம்பரையாக மொத்த வியாபாரம் செய்த குடும்பம். எதையும் மூட்டையாகவே பார்த்துப் பழகியவர்.

"நாங்க மொத்தமா வாங்கி மொத்தமா விக்கிற ஆளுங்க மிஸ்," என்பார் வேட்டியை உதறிக்கொண்டு. "நீங்க என்னடான்னா கிளாஸு கிளாஸா பாக்குறீங்க. டீக்கடையா நடத்துறோம்?"

"டீக்கடையெண்டாலும் நான் முதல்ல ஒரு கிளாஸ்தான் ஊத்துவன் முதலாளி."

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஓர் ஒழுங்கையில் மிஸ் வாடகைக்கு வீடு பார்த்த கதையை நசார் நானா நடித்தே காட்டுவார். வீட்டைக் காட்டிவிட்ட புரோக்கர் அவருடைய மச்சான் என்பதால் நானாவும் கூடப் போயிருந்தார். வீட்டுக்காரர் அறை, குசினி எல்லாம் காட்டி முடித்ததும், மிஸ் ஒரு கதிரையைக் கேட்டு வாங்கி ஜன்னலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு கிளாஸ் தண்ணி தாறீங்களோ?"

வீட்டுக்காரர் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மிஸ் குடிக்கவில்லை. அதை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கடற்கரையை ஒட்டி ஒரு ரயில் போனது. தண்ணீர் கொஞ்சம் நடுங்கியது. மிஸ் எழும்பவில்லை. இன்னொரு ரயில் வந்தது. தண்ணீர் அசையவில்லை. மிஸ் அப்போதும் எழும்பவில்லை. வீட்டுக்காரர் நானாவின் காதில், "இவ இஞ்சினியரா?" என்று கேட்டார். அது மிஸ்ஸுக்கும் கேட்டுவிட்டது.

"இல்ல," என்றார் மிஸ் கண்ணை எடுக்காமல். "நித்திரை குறைஞ்ச ஆள்."

மூன்றாவது ரயிலுக்குப் பிறகுதான் எழுந்தார். வேகமாகப் போகிற ரயில் மட்டும்தான் தண்ணீரை அசைக்கிறது, அது போகும் நேரம் தான் எப்படியும் விழித்திருக்கும் நேரம் என்று சொல்லி வீட்டை எடுத்துக்கொண்டார். "அதுக்குப் பொறகுதான் அந்தத் தண்ணியக் குடிச்சாங்க," என்று நானா முடிப்பார். "அதையும் முதல்ல ஒரு மொடக்கு."

மிஸ்ஸின் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசியபோதும் இதே கதைதான். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்து வந்திருந்தார். படிப்பு, உத்தியோகம், குடும்பம் எல்லாம் மற்றவர்கள் விசாரித்து முடித்துவிட்டார்கள். மிஸ் கேட்டது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனைக்கு, இரண்டு பை மரக்கறியுடன் தன்னோடு பஸ்ஸில் வரவேண்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரப் பஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளை கிடைத்த சீற்றை ஒரு கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்தார். பிறகு கம்பியைப் பிடித்தபடியே நின்று தூங்கினார். கொள்ளுப்பிட்டியில் டிரைவர் பிரேக் அடித்ததும் ஒரு பை கிழிந்து, கத்தரிக்காய் முழுக்கச் சனங்களின் காலுக்குள் உருண்டு போனது. அந்த மனிதர் இஸ்திரி போட்ட காற்சட்டையோடு குனிந்து, "சொறி, சொறி, கால எடுங்கோ" என்று ஒவ்வொரு காயாகப் பொறுக்கினார். கடைசிக் காய் கண்டக்டரின் சப்பாத்துக்கு அடியில் இருந்தது. அதையும் கேட்டு வாங்கினார்.

மறுநாள் நாங்கள் ஆவலோடு கேட்டோம். "என்ன மிஸ், பாஸா?"

"நித்திரை கொண்டது பிழைதான்," என்றார் மிஸ். "ஆனா கோவம் வரேல்ல. நசிஞ்ச கத்தரிக்காயக் கூட விட்டிட்டு வரேல்ல. பாஸ்."

பிற்காலத்தில் மிஸ்ஸும் அந்தத் தங்கச்சி வீட்டுக்கே போய்விட்டார் என்று கேள்வி. எந்த நாடு என்று எனக்குச் சரியாகத் தெரியாது. எந்த நாடாக இருந்தாலும், அங்கே ஏதோ ஒரு பழக்கடைக்காரர் இப்போது தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பார்.

மிஸ்ஸை அவருடைய கிளாஸே ஒரு தடவை ஏமாற்றியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கிளாஸில் அழகாகக் கரைந்த ஒரு கல்மாவைத் தாங்கியில் போட்டோம். பாணியை ஊற்றினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு தாங்கி உறுமத் தொடங்கியது. நுரை எழுந்தது. பால் பொங்குவது போல இல்லை, படுத்திருந்த மாடு எழும்புவது போல. விளிம்பைத் தாண்டி, என் சப்பாத்தைத் தாண்டி, கேற் வரைக்கும் கபில நிற நுரை. நானா "ஓடுங்க தம்பி!" என்று கத்திக்கொண்டே சுண்ணாம்புத் தூளை வாரி வாரி இறைத்தார். ஒருவருக்கும் காயம் இல்லை. ஆனால் முற்றம் முழுக்கச் சேறு.

கிளாஸ் சின்னது, சூடு நாலாபக்கமும் வெளியே போய்விடும். தாங்கி பெரியது, சூடு உள்ளேயே நின்று பெருகும். மிஸ் அதை நினைக்கத் தவறிவிட்டார்.

முதலாளி வந்து நின்றார். யாருடைய வேலை இது என்று அவர் கேட்பதற்கு முன்னமே மிஸ் சொன்னார்: "பிழை என்ர முதலாளி. தம்பி நான் சொன்னதத்தான் செய்தவர்." சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்களோடு சேர்ந்து முற்றத்தைக் கழுவினார். அன்றில் இருந்து கிளாஸுக்கும் தாங்கிக்கும் இடையில் ஒரு வாளியும் வந்தது. முதலில் கிளாஸ், பிறகு வாளி, பிறகுதான் தாங்கி. முதலாளி பெருமூச்சு விட்டார். "முந்தி ஒண்ணு, இப்ப ரெண்டு."

இனி அந்தத் தீபாவளிக் கிழமைக்கு வருகிறேன்.

மலைநாட்டில் இருந்து நாற்பது பை உப்புக்குக் கேள்வி வந்திருந்தது. அதுவரை எங்களுக்கு அவ்வளவு பெரிய கேள்வி வந்ததில்லை. இருபது பை செய்து அடுக்கிவிட்டோம். மிச்சம் இருபதையும் சேர்த்துச் சனிக்கிழமை காலை லொறியில் ஏற்றவேண்டும். அந்த நேரம் பார்த்துக் கறுப்புப் பாணி வரவில்லை. ஆலையில் ஏதோ பழுது, இரண்டு கிழமை ஆகும் என்றார்கள். தாங்கியில் அமிலமும் கல்மாவும் கறுப்பாகக் கிடந்தன. நான் கிண்டினேன். கறுப்பாகவே கிடந்தன.

திங்கட்கிழமை முதலாளி எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஒளிச்சுப் பேசுறதுல அர்த்தமில்ல. இந்த இடத்தைச் சாமான் அடுக்க வாடகைக்குக் கேட்டு ஒருத்தர் நாலு மாசமா போன் பண்றாரு. மலைநாட்டு ஆர்டரு போச்சுன்னா என்னால இதை இழுத்துட்டுப் போக முடியாது. சனிக்கிழமை அவருக்குப் பதில் சொல்றேன்னு சொல்லிருக்கேன்."

எனக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, பிள்ளைகளே. உங்கள் அம்மாவின் வீட்டில், மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை என்று சொல்லியிருந்தார்கள்.

அன்று மத்தியானம் மிஸ்ஸும் நானும் கொட்டாஞ்சேனையில் இரண்டு மூன்று களஞ்சியங்களில் பாணி கேட்டு அலைந்தோம். இல்லை, இல்லை, இல்லை. கடைசியில் மிஸ், "ஏதாவது இனிப்பாவது தின்னுவம்" என்று ஒரு மிட்டாய்க் கடையில் நின்றார். வழக்கம்போல ஒரே ஒரு ஜிலேபி கேட்டார். கடைக்காரர் அதைக் கடதாசியில் வைத்து நீட்டினார். மிஸ் கை நீட்டியவர், பாதியில் நின்றுவிட்டார். கடைக்குப் பின்னால், ஒரு ஆள் பெரிய தாச்சியைச் சரித்துப் பிடித்து, கறுத்துப்போன பாகைக் கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றப் போய்க்கொண்டிருந்தார்.

"ஊத்தாதேங்கோ!"

மிஸ் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. தாச்சிக்காரர் அப்படியே உறைந்து நின்றார். கடைக்காரர் பயந்துபோய், "ஐயோ மிஸ், அது தீபாவளிக்கு ஜிலேபி ஊறப்போட்ட பாகு. பழசு. கறுத்துட்டுது. திங்க ஏலாது," என்றார்.

"எனக்கில்ல. கல்லுக்கு ஊத்த."

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, மரியாதையாக, "எந்தக் கோயில் மிஸ்?" என்று கேட்டார்.

மிஸ் விளக்கம் சொல்லத் தொடங்கினார். ஒட்சிசன் என்ற இடத்தில் கடைக்காரர் கையைக் காட்டி, "எடுத்துட்டுப் போங்க, எடுத்துட்டுப் போங்க" என்றார். அன்று பின்னேரத்துக்குள் கொட்டாஞ்சேனையில் ஒன்று, செட்டியார் தெருவில் ஒன்று, வெள்ளவத்தையில் ஒன்று என்று மூன்று கடைகளில், தீபாவளிக்குப் பிறகு கானுக்குப் போக இருந்த பாகு எட்டுக் கலன் சேர்ந்துவிட்டது. வெள்ளவத்தைக் கலனை மிஸ் தன் மடிக்குப் பக்கத்தில் வைத்து முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து இறங்கினார்.

முதலாளி கலன்களைப் பார்த்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சீனிதானே? போடுங்க மிஸ், எல்லாத்தையும் ஒண்ணா போடுங்க!"

மிஸ் கிளாஸை எடுத்தார்.

"மிஸ்! இன்னிக்குத் திங்கக்கிழமை. சனிக்கிழமை லொறி!"

"ஓம் முதலாளி. அதாலதான்."

கிளாஸில் கல் வெளுத்தது. நாங்கள் கைதட்டினோம். ஆனால் மிஸ் கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேலே வட்டமாக, மஞ்சளாக ஒரு படை மிதந்தது. நெய். பொரித்த ஜிலேபியை ஊறப்போட்ட பாகல்லவா? அப்படியே தாங்கியில் கொட்டியிருந்தால், வடிக்கிற துணி முழுக்க நெய் அடைத்து ஒரு சொட்டும் இறங்கியிருக்காது. இருபது பையும் அங்கேயே முடிந்திருக்கும். முதலாளியும் அந்த மஞ்சள் வட்டத்தைக் குனிந்து பார்த்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

இரவு முழுக்கக் கலன்களை ஆடாமல் அசையாமல் வைத்தோம். காலையில் நெய் மேலே நின்றது. அடிவரைக்கும் ஒரு குழாயை விட்டு, பாகை மட்டும் கீழே இறக்கினோம். பிறகு வாளியில் ஒன்று. வாளி கொஞ்சம் அதிகம் பொங்கியது. அதனால் தாங்கிக்கு ஒரு தடவையில் அரை வாளிக்கு மேல் ஊற்றக்கூடாது என்று மிஸ் சொன்னார். நான் அரை வாளி ஊற்றுவேன், கிண்டுவேன், நுரை இறங்கும்வரை காத்திருப்பேன். திரும்ப அரை வாளி. பொழுதுபட, தாங்கியில் கறுப்பு இல்லை. மட்டக்குளி முழுக்க ஏலக்காயும் பன்னீரும் மணந்தது. பக்கத்து வரிசை வீடுகளில் இருந்து ஒரு அம்மா வந்து கேற்றில் நின்று, "இஞ்ச கல்யாண வீடா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

புதனில் சுண்ணாம்பு, வடிப்பு. வியாழனும் வெள்ளியும் நானா அடுப்பைவிட்டு நகரவில்லை. வெள்ளி பின்னேரம் பாத்திரங்களில் இளஞ்சிவப்பு உப்பு விளைந்துவிட்டது. கழுவி, உலர்த்தி, பையில் போட்டோம். எண்ணிப் பார்த்தோம். இருபது.

சனிக்கிழமை காலை லொறி வந்து நின்றது. முதலாளி வெள்ளை வேட்டியில், நெற்றியில் திருநீற்றோடு வந்துவிட்டார். ஏற்றத் தொடங்கும் நேரம், நானா ஒரு பையைத் திறந்து மணந்து பார்த்தார்.

"மிஸ், ஏலக்கா மணம் லேசா ஈக்கிது."

"மணம் பரவாயில்ல நானா. செடிக்கு மூக்கில்ல."

"அது சரி. ஆனா மணம் ஈந்தா இனிப்பும் ஈக்குமே? இனிப்பு மிஞ்சி ஈந்தா, மலைக்குப் போய்ச் சேர முந்தி எறும்பு மொய்ச்சு, பையெல்லாம் பிசுபிசுத்து, அவங்க அப்பிடியே திருப்பி அனுப்பிடுவாங்க." சொல்லிக்கொண்டே ஒரு துணுக்கை நாக்குக்குக் கொண்டு போனார். மிஸ் அவர் கையைப் பட்டென்று தட்டிவிட்டார்.

"வாயில வைக்காதேங்கோ! இது பசளை!"

திருப்பி அனுப்புவார்கள் என்ற சொல் முதலாளியின் காதில் விழுந்துவிட்டது. அவர் முகம் வாடிப்போனது. உண்மையும் அதுதான். பாகில் எவ்வளவு சீனி இருந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மிஞ்சியிருக்கலாம். மனிதர் யாரும் வாயில் வைத்துப் பார்க்கவும் முடியாது.

மிஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். நாங்கள் தேத்தண்ணி குடிக்கிற பின்சுவரில், எப்போதும்போல எறும்பு வரிசை ஒன்று போய்க்கொண்டிருந்தது.

இரண்டு தகர மூடி கொண்டுவரச் சொன்னார். இரண்டிலும் அந்த உப்பில் ஒவ்வொரு கரண்டி வைத்தார். ஒன்றில் மட்டும் மிஞ்சியிருந்த பாகில் ஒரு சொட்டு விட்டார். இரண்டையும் எறும்பு போகிற வழியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஒண்டுக்கு ஏன் மிஸ் பாகு?" என்று கேட்டேன்.

"எறும்புக்கு இண்டைக்குப் பசிக்குதோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியவேணுமே தம்பி. பசியில்லாத எறும்பு எதுக்குமே வராது."

நாங்கள் எல்லாரும் சுவருக்கு முன்னால் குந்தினோம். முதலாளி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நடுவில் குந்தினார். லொறி டிரைவர் சுனில் அய்யே இறங்கி வந்து, ஆறு வளர்ந்த மனிதரும் ஒரு முதலாளியும் சுவரைப் பார்த்துக் குந்தியிருப்பதைக் கண்டு, "மொக்கத மே?" என்றார். என்ன இது? நானா மூடிகளைக் கையால் காட்டினார். சுனில் அய்யேயும் குந்திவிட்டார்.

முதல் எறும்பு வந்தது. பாகு விட்ட மூடியைத் தொட்டது. ஓடிப்போய் வரிசையில் சொன்னது. வரிசை அப்படியே திரும்பியது. கொஞ்ச நேரத்தில் அந்த மூடியில் உப்பே தெரியவில்லை, எறும்புதான்.

"பசிக்குது," என்றார் நானா மெல்ல.

மற்ற மூடிக்கு ஒன்று வந்தது. விளிம்பில் ஏறியது. முதலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டார். எறும்பு மீசையை ஆட்டியது. ஒரு படிகத்தைத் தொட்டது. நின்றது. எனக்கு உங்கள் அம்மாவின் வீட்டு முற்றம் கண்ணுக்கு முன்னால் வந்தது. எறும்பு அந்தப் படிகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, வந்த வழியே இறங்கி, பாகு மூடிக்கு ஓடிவிட்டது. இன்னொன்று வந்தது. அதுவும் இறங்கிப் போய்விட்டது. மூன்றாவது ஏறவே இல்லை.

மிஸ் முழங்காலில் கையூன்றி எழுந்தார். "சரி. ஏத்துங்கோ."

"மிஸ், மிஸ்," என்றார் முதலாளி, கண்ணை மூடியில் இருந்து எடுக்காமல். "இன்னும் ஒரு பத்து நிமிஷம் பாத்துருவோமே?"

நானா சிரித்த சிரிப்பில் எறும்பு வரிசை கலைந்திருக்கவேண்டும். முதலாளிக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து, முதல் பையைத் தானே தூக்கி லொறியில் போட்டார். வெள்ளை வேட்டியில் இளஞ்சிவப்புத் தூள்.

நாற்பது பையும் ஏறி, லொறி ஒழுங்கையைத் தாண்டிப் பெரிய ரோட்டில் திரும்பியது. அந்த நேரம் முதலாளியின் போன் அடித்தது. நம்பரைப் பார்த்தார். எங்களையும் பார்த்தார். யார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"ஹலோ... ஆமாங்க, நான்தான். சொல்றேன்னு சொன்னேன்ல... இல்லீங்க, இடம் காலி இல்ல." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். "அடுத்த மாசமா? அடுத்த மாசமும் இல்லீங்க."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "என்ன எல்லாரும் நிக்கிறீங்க? போங்கப்பா, வேலையப் பாருங்க," என்று சொல்லிவிட்டுக் தன் கந்தோர் அறைக்குள் போய்விட்டார்.

நான் ஓடிப்போய்த் தாங்கியின் அடித் திறப்பைத் திறந்து தண்ணீரை விட்டேன். கழுவிக்கொண்டிருக்கும்போது மேலே நிழல் விழுந்தது. மிஸ் விளிம்பில் கைவைத்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூலையையும் வடிவாத் தேயும் தம்பி," என்றார். "திங்கக்கிழமை புதுக் கல்லு வருது."